சுருக்கிய முகவரி

— அப்போ நீ எதையும் தொறக்கல. அதை முதல்ல சொல்லு.

— தொறக்கல அக்கா. போன்ல ஒண்ணு மேலகூட விரல் வைக்கல. வக்கீலம்மா ஆபீஸ்ல இருக்கே உன் பழைய போன், அதுல வந்ததை எல்லாம் அவங்களே எனக்கு மெயில்ல அனுப்பினாங்க. அதை அப்படியே என் ப்ரோக்ராம்ல போட்டேன். அதுதான் போய்ப் பாத்துட்டு வந்துச்சு.

— தொறக்காம எப்படிடா பாக்கும்? சாவி ஓட்டை வழியாவா?

— கிட்டத்தட்ட அப்படித்தான். இரு, தப்பா சொல்லிடப் போறேன். ஒழுங்கா முதல்ல இருந்து வரேன்.

— நீ முதல்ல இருந்து வந்தா விடிஞ்சுடும். நான் குட்டியோட துணியை மடிச்சு முடிக்கறதுக்குள்ள சொல்லு.

— அந்த ஆளு உனக்கு அனுப்பறது எல்லாமே சுருக்கின லிங்க். நாலஞ்சு எழுத்து, அவ்வளவுதான். உள்ள எந்தப் பக்கம் இருக்குன்னு வெளிய நின்னு பாத்தா தெரியாது. பேர்ப் பலகை இல்லாத வீடு மாதிரி. அதை விரிச்சாத்தான் முழு முகவரி வரும்.

— விரிக்கறதுக்கு உங்க கம்ப்யூட்டர் வகுப்பு சார் சொல்லிக் குடுத்தாரு.

— பயிற்சியா குடுத்தாரு. எல்லாரும் ஏதாவது ஒரு சின்ன வேலையை முடிச்சுக் காட்டணும்னாரு. நான் இதை எடுத்துக்கிட்டேன். எதுக்குன்னு அவர்கிட்ட சொல்லல. அதுக்குன்னே ஒரு லைப்ரரி இருக்கு.

— லைப்ரரியா? புக்கு எடுக்கவா?

— அது இல்லக்கா. யாரோ முன்னாடியே எழுதி வெச்ச வேலை. நாம பேர் சொல்லிக் கூப்பிட்டா வந்து செஞ்சுட்டுப் போகும். ஏன், எதுக்குன்னு கேக்காது.

— எங்க சலவைக்கூடத்துலயும் அப்படி ஒருத்தி இருக்கா. ஆஸ்பத்திரிப் போர்வை வண்டி வண்டியா வந்தாலும் ஏன்னு கேக்கமாட்டா. கையைப் பாரு, பிளீச் பட்டுப் பட்டு வெடிச்சுப் போச்சு.

— மருந்து தடவச் சொன்னேனே.

— மருந்து இருக்கட்டும். லேப்டாப்பை நல்லா சாய்ச்சு வை, மறுபடி மல்லாக்க விழப்போகுது. அந்த உடைஞ்ச கீலை எப்பத்தான் ஒட்டுவியோ.

— பிளாஸ்க்ல சாய்ச்சிருக்கேன், நிக்கும். படிக்கவா?

— படி. இல்ல, இரு. நாளைக்கு வக்கீலம்மா இதை வெச்சு என்ன செய்வாங்கன்னு இன்னொரு தடவை சொல்லு. எனக்குத் தைரியம் வரட்டும்.

— நாளைக்குக் காலையில கோர்ட்டுல குடுப்பாங்க. அந்த ஆளு உன் பக்கமோ குட்டி பக்கமோ வரக்கூடாதுன்னு தடை கேப்பாங்க. வெறுமனே மிரட்டறான்னு சொன்னா நீதிபதி நம்பமாட்டாரு. எழுதியிருக்கறதைப் பாத்தா மிரட்டலே இல்ல.

— எங்க இருக்கும். 'நலமா, நலமறிய ஆவல்'னு எழுதறான். படிக்கறவங்க கண்ணுல தண்ணி வந்துடும். இந்தத் தங்கமான மனுஷனை விட்டுட்டு ஓடி வந்தாளேன்னு என்னைத்தான் காறித் துப்புவாங்க.

— அதான். விஷம் எல்லாம் அந்த நாலஞ்சு எழுத்துக்குள்ள இருக்கு. அதை விரிச்சுக் காட்டினா போதும். படிக்கறேன். முதல் லிங்க். மாமா அனுப்பின...

— யாரு?

— தப்பு. அந்த ஆளு அனுப்பின முதல் லிங்க். வாய்ல பழகிப் போச்சு.

— எனக்கும்தான் பழகிப் போயிருந்துச்சு. படி.

— ஒரு போட்டோ. உங்க கல்யாணப் போட்டோ. உன் முகத்தை மட்டும் சுரண்டியிருக்கு.

— போகட்டும். அதுல நான் அப்படி ஒண்ணும் நல்லா இல்ல. அடுத்தது.

— ஒரு செய்தி. எங்கயோ ஒரு ஊரு. வீட்டை விட்டுப் போன பொண்டாட்டியை ஒருத்தன் தேடிக் கண்டுபிடிச்சு...

— கடைசி வரி வேணாம். அடுத்தது.

— காணவில்லைன்னு ஒரு பக்கம். நீயும் குட்டியும் சேந்து நிக்கற படம். மனநிலை சரியில்லாதவர், குழந்தையோட உயிருக்கு ஆபத்து, பாத்தவங்க தகவல் குடுங்கன்னு போட்டிருக்கு.

— மனநிலை. சரி, சரி. குட்டிக்கு என்ன சட்டை அதுல?

— மஞ்சள்ல புள்ளி போட்டது.

— அது நான் தெச்சது. கையால. மேல படி.

— அடுத்தது புரியலக்கா. ஒரு கடைப் பக்கம். கதவுத் தாழ்ப்பாள் விக்கறாங்க. தப்பா வந்திருக்கும்னு ரெண்டு தடவை ஓட்டிப் பாத்தேன், அதேதான் வருது. இதை வக்கீலம்மாவுக்குக் குடுக்கறதா, வேணாமா?

— எந்தத் தாழ்ப்பாள்?

— பெரிசு. இரும்பு. பூட்டு மாட்டற வளையத்தோட.

— குடு.

— சாதாரணத் தாழ்ப்பாள்தானேக்கா, இதுல என்ன இருக்கு?

— உள்பக்கம் போட்டா சாதாரணம்தான். அவன் படுக்கையறைக் கதவுல இதை வெளிப்பக்கம் போட்டான். வேலைக்குப் போகும்போது இழுத்துப் பூட்டிட்டுப் போவான். குட்டி அப்போ தவழ்ந்துக்கிட்டிருந்தா. சத்தம் கேட்டாலே சுவர்ப்பக்கம் போயிடுவா.

— நீ சொல்லவே இல்ல.

— எல்லாத்தையும் சொல்லிக்கிட்டே இருக்க முடியுமா. இதைக் குடு. மத்ததை விட இதைத்தான் முதல்ல குடுக்கணும்.

— மாடிப் பொண்ணே! மேல இருக்கியா?

— இருக்கேன் மெஷின்காரம்மா, ஜன்னல்கிட்ட வரேன். என்ன, கீழ குட்டி தொல்லை பண்றாளா?

— தொல்லையா? என் நூல்கண்டை எல்லாம் கலர் கலரா அடுக்கி வெச்சிருக்கா, எனக்கே இவ்வளவு ஒழுங்கு தெரியாது. சொல்றதைக் கேளு. ஒரு கவுன் வெட்டறேன், போட்டுப் பாக்கணும். கொஞ்ச நேரம் இங்கயே இருக்கட்டும்.

— இருக்கட்டும்மா. தெருவுக்கு மட்டும் விடாதீங்க.

— நீ குடுத்த உன் வீட்டுக்காரன் போட்டோவைத்தான் தையல் மெஷினுக்கு நேர் எதிர்ல ஒட்டி வெச்சிருக்கேனே. நாள் பூரா அதைப் பாத்துப் பாத்து எனக்கே அவன் புருஷன் மாதிரி ஆயிட்டான். வரட்டும், கத்தரிக்கோல் எவ்வளவு கூர்னு காட்டறேன்.

— உங்களை நம்பித்தாம்மா நான் மேல உக்காந்திருக்கேன்.

— உக்காரு, உக்காரு. வாரத்துல ஒரு நாள், காலை நீட்டு.

— நல்ல மனுஷிக்கா அவங்க.

— அவங்க மட்டும் இல்லன்னா நான் வேலைக்கே போக முடியாது. சரி, இன்னும் இருக்கா?

— அந்த ஆளு அனுப்பினது அவ்வளவுதான். கடைசியா ஒண்ணு இருக்கு, அது உனக்கு வந்தது இல்ல. எனக்கு வந்தது. அம்மா அனுப்பினது.

— அம்மா அனுப்பினதையும் எதுக்குடா இதுல போட்ட?

— வக்கீலம்மா சுருக்கின லிங்க் எதையும் நேரா தொறக்கக்கூடாதுன்னாங்க. எதையும்னா எதையும்தானே. ஒண்ணை மட்டும் பரவாயில்லன்னு விட்டா, அப்புறம் இன்னொண்ணை விட்டுடுவேனோன்னு எனக்கு என் மேலயே பயம். அதான் யார் அனுப்பினதுன்னு பாக்காம எல்லாத்தையும் போட்டேன்.

— பெத்தவளையும் அவனையும் ஒரே வரிசையில நிக்க வெச்சிருக்க. அம்மாவுக்குத் தெரிஞ்சா அழுதே கரைஞ்சுடுவாங்க. என்ன அனுப்பினாங்க?

— அப்பா போட்டோ. கண் ஆபரேஷன் முடிஞ்சு எடுத்தது. ஒரு கண்ணுல பஞ்சு வெச்சுக் கட்டியிருக்கு.

— காட்டு. எப்ப ஆச்சு ஆபரேஷன்?

— போன வாரம்னாங்க.

— இளைச்சுட்டாரு. இந்தச் சட்டை தோள்ல தொங்குது பாரு. நான் இருந்திருந்தா பிடிச்சுக் குடுத்திருப்பேன்.

— அக்கா.

— அழல, அழல. பிளீச் கண்ணுல பட்டுடுச்சு.

— இன்னிக்கு உனக்கு லீவு.

— வாயை மூடு. ஆமா, அம்மாவுக்கு லிங்க் அனுப்பறதுக்கு யார் சொல்லிக் குடுத்தா? போட்டோவையே தலைகீழா அனுப்புவாங்க. போன வருஷம் என் பொறந்தநாளுக்கு அவங்க கட்டைவிரல் படத்தை அனுப்பினாங்க.

— பக்கத்து வீட்டுல யாராவது அனுப்பிக் குடுத்திருப்பாங்க.

— அப்போ போட்டோவாவே அனுப்பியிருப்பாங்களே. எதுக்குச் சுருக்கி அனுப்பணும்?

— எனக்குத் தெரியலக்கா. ஒரு நிமிஷம். ப்ரோக்ராம் போன வழியையும் சேத்து வெக்கும். நான் கடைசியா எங்க போய் நின்னுச்சுன்னு மட்டும்தான் பாத்தேன், வழியைப் பாக்கல.

— இங்க வெச்சு மறுபடி ஓட்டப் போறியா?

— மாட்டேன். இங்க நான் ஒரு தடவைகூட ஓட்டல. வீட்டு நெட் லைன்ல ஓட்டினா ஆபத்துன்னு முதல்லயே யோசிச்சுட்டேன். எல்லாம் வகுப்புல, அங்க இருக்கற லைன்லதான். வந்ததைச் சேத்து எடுத்துட்டு வந்திருக்கேன். அதைத்தான் பாக்கறேன்.

— கெட்டிக்காரன்தான் போ.

— அப்படிச் சொல்லாத, எனக்குப் பயமா இருக்கு. இதோ. கல்யாணப் போட்டோ, சுருக்கின லிங்க்ல இருந்து நேரா போட்டோவுக்குப் போயிருக்கு. ஒரே எட்டு. செய்தி, ஒரே எட்டு. தாழ்ப்பாளும் அப்படித்தான்.

— அப்பா போட்டோ?

— அது நேரா போகல.

— நேரா போகலன்னா?

— நடுவுல ஒரு இடத்துல நின்னுட்டுப் போயிருக்கு. லிங்க்ல இருந்து வேற ஒரு பக்கம், அங்க இருந்துதான் போட்டோ.

— டீ குடிக்க நின்னுச்சோ என்னமோ. ஏன்டா முகம் இப்படிப் போகுது?

— இந்தப் பக்கத்தோட பேரு எனக்குத் தெரியும். சார் ஒரு நாள் வகுப்புல சொன்னாரு. எச்சரிக்கையா இருங்கன்னு சொன்னாரு.

— என்ன பக்கம் அது?

— வர்றவங்களைக் குறிச்சு வெக்கற பக்கம். யார் அந்த லிங்க்கை உண்டாக்கினாங்களோ அவங்களுக்குச் சொல்லிடும். எப்ப வந்தாங்க, எந்த லைன்ல இருந்து வந்தாங்கன்னு. குறிச்சுக்கிட்டு, நமக்குத் தெரியாம போட்டோவுக்கு அனுப்பிடும்.

— நீதான் தொறக்கலயே. ப்ரோக்ராம்தானே போச்சு.

— போச்சுல்ல.

— புரியற மாதிரி சொல்லு.

— இந்த லைப்ரரியில ரெண்டு விதம் இருக்குக்கா. முதல் வாசல்ல நின்னு, இது எங்க போகுதுன்னு கேட்டுட்டுத் திரும்பி வர்றது ஒரு விதம். அப்படிக் கேட்டிருந்தா அந்த நடுப் பக்கத்தோட பேரு மட்டும் கிடைச்சிருக்கும், அங்க கால் வெச்சிருக்க மாட்டோம். இன்னொரு விதம், அனுப்பற இடத்துக்கெல்லாம் போய்க்கிட்டே இருக்கறது. திரும்பி வான்னு நாம ஒரு வார்த்தை எழுதணும். எழுதலன்னா அதுவாவே கடைசி வரைக்கும் போயிடும்.

— நீ எழுதல.

— முழு முகவரி வேணும்னுதான் பாத்தேன். அது சரியா வந்துச்சு. வந்ததும் சந்தோஷப்பட்டுட்டேன்.

— சரி, பதறாத. வீட்டு லைன்ல ஓட்டலன்னு சொன்னியே. அப்போ வீடு தெரியாதுல்ல?

— வீட்டு லைன்ல ஓட்டியிருந்தாதான் நல்லா இருந்திருக்கும்.

— என்னடா உளறுற?

— வீட்டு லைன்னா ஊர் மட்டும்தான் தெரியும். இவ்வளவு பெரிய ஊர்ல எங்கன்னு தேடுவான்? வகுப்பு லைன் அப்படி இல்ல. அது அந்தப் பயிற்சி நிலையத்தோட பேர்லயே பதிவாகியிருக்கு. பேரைப் பாத்தா விலாசம் போட்டிருக்கும். பலகை எவ்வளவு பெரிசுன்னு நீயே பாத்திருக்க.

— அப்போ நான் எங்க இருக்கேன்னு தெரியாது. நீ எங்க படிக்கறன்னு தெரியும்.

— ஆமா.

— எத்தனை தடவை ஓட்டின?

— வகுப்பு இருந்த நாள் எல்லாம். சரியா வருதான்னு எனக்குச் சந்தேகமாவே இருந்துச்சு. இன்னிக்கு வந்தது நாளைக்கும் வருமான்னு மறுபடி மறுபடி பாத்தேன்.

— ஒரே நேரத்துலயா?

— வகுப்பு ஆரம்பிச்சதும் முதல் வேலையே அதுதான்.

— அடப்பாவி. உன் டைம்டேபிளையே எழுதிக் கையில குடுத்திருக்க.

— அக்கா, நான் வேணும்னு...

— தெரியும்டா. உன்னைத் திட்டி என்ன ஆகப்போகுது. யோசி. வகுப்பு முடிஞ்சு எப்படி வர்ற?

— நடந்து.

— எந்த வழியா?

— கேட்டைத் தாண்டி, டயர் கடை, அப்புறம் பாலத்துக்குக் கீழ. எப்பவும் அதே வழிதான்.

— எப்பவாவது திரும்பிப் பாத்தியா?

— எதுக்குத் திரும்பிப் பாக்கணும்னு எனக்கு அப்போ தெரியாதே.

— போன் அடிக்குது.

— என்னோடது. அம்மா.

— இப்பவா? எடு. ஸ்பீக்கர்ல போடு. நான் இங்க இல்ல, ஞாபகம் வெச்சுக்க. பேச்சை வளர்க்காத, லிங்க்கை யார் குடுத்தான்னு மட்டும் கேளு.

— ஹலோ, அம்மா.

— கண்ணு, சாப்பிட்டியா?

— சாப்பிட்டேம்மா. நீங்க?

— எனக்கென்ன கண்ணு, ஒரு வாய் கிடைச்சாப் போதும். ரூம்லதான் இருக்கியா?

— ரூம்லதாம்மா. லீவு நாள்ல எங்க போறது. ஏம்மா இவ்வளவு இரைச்சல்?

— வெளிய வந்தேன். வண்டி எல்லாம் போகுதுல்ல. அவ எப்படி இருக்கா? அவ உன்கூடத்தான் இருக்காளான்னு நான் கேக்கல. நான் ஒண்ணும் கேக்கல. நல்லா இருந்தாச் சரி.

— அம்மா, அப்பா போட்டோ அனுப்பினீங்களே. அது யார் உங்களுக்கு அனுப்பிக் குடுத்தா?

— யாரோ ஒருத்தர் அமுக்கிக் குடுத்தாங்க. எனக்கு இந்த இழவெல்லாம் தெரியுமா. ஏன் கண்ணு, சரியா தெரியலயா?

— தெரிஞ்சுதும்மா. யாரு அந்த ஒருத்தர்?

— அதை விடு. நீ ஒண்ணு புரிஞ்சுக்கணும். அப்பாவுக்குக் கண்ணும் போயிடுச்சு. வாசல்ல வந்து நின்னா நாலு பேரு, பொண்ணு எங்கன்னு கேக்கறாங்க. பச்சைப் பிள்ளைக்கு அப்பன் வேணாமா? கோவத்துல ஆம்பளை ஒரு தடவை கை ஓங்கறதுதான். அதுக்காக ஒரு குடும்பத்தையே பிச்சுப் போட்டுடறதா? நான் ஒண்ணும் சொல்லல.

— அம்மா, அது ஒரு தடவை இல்ல...

— அம்மா எது செஞ்சாலும் உங்க ரெண்டு பேர் நல்லதுக்குத்தான் செய்வேன். அதுல உனக்குச் சந்தேகம் இல்லையே?

— இல்லம்மா.

— அம்மா பேச்சைக் கேப்பதானே?

— சரிம்மா.

— காதுல விழல கண்ணு. சத்தமா சொல்லு.

— சரிம்மா, சரிம்மா.

— என் ராஜா. இரு... ஆமாம்மா, மகன்தான்... ஒண்ணும் இல்ல கண்ணு, பக்கத்துல ஒரு அம்மா பேசறாங்க. நல்ல மாதிரி. சரி, நான் வெக்கறேன், வண்டி நிக்குது. நாளைக்குக் குடை எடுத்துட்டுப் போ. நேத்து மாதிரி பையைத் தலையில வெச்சுக்கிட்டு நனையாத. உனக்குச் சளி பிடிச்சா லேசுல விடாது.

— அம்மா? அம்மா? வெச்சுட்டாங்க.

— 'சரிம்மா, சரிம்மா.' அவங்க எது சொன்னாலும் உனக்கு ஒரே பாட்டு. கிணத்துல குதின்னாலும் சரிம்மாதான் சொல்லுவ. கேட்டியா, கோவத்துல ஒரு தடவையாம். எப்பவாவது என் முதுகைப் பாத்திருக்காங்களா... என்னடா, ஏன் அப்படியே நிக்கற?

— அக்கா, நேத்து நான் நனைஞ்சுட்டு வந்தேன்.

— தெரியும். சட்டையைப் பிழிஞ்சு காயப்போட்டது நான்தானே.

— பையைத் தலை மேல வெச்சுக்கிட்டுத்தான் வந்தேன். அதை யார்கிட்டயும் சொல்லல. உன்கிட்டகூட.

— அவங்க ஊர்லயும் மழை பெஞ்சிருக்கும். எப்பவும் அப்படித்தானே நனைவன்னு...

— 'நேத்து மாதிரி'ன்னு சொன்னாங்கக்கா.

— சொன்னாங்க.

— ஒரு கார் இருந்துச்சு. டயர் கடை முன்னாடி. கண்ணாடி எல்லாம் ஆவி படிஞ்சிருந்துச்சு. மழைக்கு ஒதுங்கி நிக்கறாங்கன்னு நினைச்சேன். பாலத்துக்குக் கீழ வந்தப்பவும் ஒரு கார் மெதுவா வந்துச்சு. அதேதானான்னு உறுதியா சொல்ல முடியாது. நான் சரியா பாக்கல.

— நீ பாக்கல. அம்மா பாத்திருக்காங்க.

— அம்மா அவன்கூட ஒரே வண்டியிலயா? வரமாட்டாங்கக்கா. அம்மா அப்படிச் செய்வாங்களா?

— நல்லதுக்குச் செய்வாங்க. இப்பத்தானே கேட்ட. நனையறானேன்னு வயிறு எரிஞ்சுக்கிட்டே அவனுக்கு வழி காட்டியிருப்பாங்க. எந்திரி.

— இப்ப என்ன செய்யறது?

— வக்கீலம்மாவுக்குப் போன் போடு. நாளைக் காலை வரைக்கும் இங்க இருக்க முடியாது, எங்கயாவது தங்க இடம் பாத்துக் குடுங்கன்னு சொல்லு. லேப்டாப்பைப் பையில போடு. குட்டி துணி மடிச்சது அப்படியே இருக்கு, அதையும் திணி.

— எல்லாம் என்னாலதான். ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தா...

— இப்ப ஒப்பாரி வெக்காத. அம்மா லிங்க்கையும் நீ வரிசையில நிக்க வெச்சது சரிதான்டா. நான்தான் அவங்களுக்கு விதிவிலக்கு குடுத்தேன்.

— பின்பக்கமா போயிடலாமா?

— போலாம். மெஷின்காரம்மா வீட்டுச் சமையலறைக்குப் பின்னாடி ஒரு கதவு இருக்கு. முதல்ல நான் போய் குட்டியைத் தூக்கிக்கறேன். நீ கதவைப் பூட்டிட்டு வா.

— படி வழுக்கும், பாத்து இறங்கு.

— சீக்கிரம் வாடா.

— வரேன், வரேன். சார்ஜர் எங்க... வந்துட்டேன்க்கா, இறங்கு.

— ஏம்மா, மெஷின்காரம்மா. குட்டியைக் கூப்பிடுங்க. செருப்புகூட வேணாம், அப்படியே குடுங்க.

— என்ன மாடிப் பொண்ணே, ரெண்டு பேரும் இப்படி இரைக்க இரைக்க வர்றீங்க? கவுன் இன்னும் முடியல, கை மட்டும்தான் வெச்சேன்.

— கவுன் இருக்கட்டும்மா. குட்டி எங்க?

— சொல்றதைக் கேளு, பதறாத. அவன் வரல. அவன் மூஞ்சி எனக்கு மனப்பாடம், தெருவுல எந்த ஆம்பளை போனாலும் தலையைத் தூக்கிப் பாக்கறேன்.

— அம்மா, என் பிள்ளை எங்க?

— அவ பாட்டிகூடப் போயிருக்கா. உங்கம்மாதான் இப்ப வந்தாங்க, அப்படியே உன் சாடை. பிள்ளை கண்டதும் பாட்டின்னு ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கிச்சு. அப்பவும் நான் குடுக்கல. மேல கேட்டுட்டு வரேன்னு எந்திரிச்சேன். மகன்கிட்ட பேசிக்கிட்டுத்தான் இருக்கேன், நீங்களே கேளுங்கன்னு போனை என் பக்கம் நீட்டினாங்க. உன் தம்பி குரல் எனக்குத் தெரியாதா? சரிம்மா, சரிம்மான்னு அவன் சொன்னதுக்கு அப்புறம்தான் நான் பிள்ளை கையை விட்டேன்.